உறைந்த ஏரியில் தூண்டில் போடுமுன்: சிம்கோ ஏரிக்குப் போகும் நம்மூர்க்காரர்களுக்கு

மலேசியாவில், சுங்கை சிப்புட் பசாருக்குப் பின்புறமுள்ள ஒட்டுக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடும் எங்கள் தூண்டில்காரர்களில் மூன்று பேருடைய பிள்ளைகள் இப்போது டொரோன்டோவில் குடியிருக்கிறார்கள். ஆண்டிறுதியில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன்பு என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "வாத்தியாரே, அங்க ஏரி ஐஸாப் போனப்புறம் அதுமேல உட்கார்ந்து மீன் பிடிக்கிறாங்களாமே, நாமளும் போய்ப் பாக்கலாமா?"

தாராளமாகப் போகலாம். என் மகன் வீட்டில் தங்கியிருந்த மூன்று குளிர்காலங்களில், டொரோன்டோவுக்கு வடக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிம்கோ ஏரியில் நான் பன்னிரண்டு நாள் இப்படி மீன் பிடித்திருக்கிறேன். நம்மூர் ஏரிகளான செண்டெரோவிலும் டெமெங்கோரிலும் நாற்பது ஆண்டு தூண்டில் போட்டவனுக்கு அங்கே தூண்டிலைப் பற்றிப் புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கவில்லை. காலுக்குக் கீழே இருப்பதைப் பற்றித்தான் எல்லாவற்றையும் அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டியிருந்தது. ஆகவே கீழே எழுதியிருப்பவற்றுள் பெரும்பகுதி பனிக்கட்டியைப் பற்றியதாகவே இருக்கும். மீனுக்கு அவசரப்படுகிறவர்கள் கடைசிப் பகுதிக்குத் தாவிவிடலாம், ஆனால் அப்படித் தாவுகிறவரோடு நான் ஏரியில் இறங்க மாட்டேன்.

எந்த ஏரி, எந்தக் கரை

சிம்கோவின் பரப்பு 700 சதுர கிலோமீட்டருக்கு மேல். பினாங்குத் தீவை இரண்டு முறை அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். அதன் தெற்கு முனையிலுள்ள குக்ஸ் விரிகுடா ஆழம் குறைந்தது. மேற்கே பேரி நகரத்தை ஒட்டிய கெம்பென்ஃபெல்ட் விரிகுடாவிலோ ஆழம் 40 மீட்டரைத் தொடும். ஆழம் குறைந்த நீர் விரைவில் குளிர்ந்து முதலில் உறையும். ஆழமான நீர் கோடையில் வாங்கி வைத்த வெப்பத்தை எளிதில் விடாது. அதனால் டிசம்பர் கடைசியில் குக்ஸ் விரிகுடாவில் ஆட்கள் நடமாடிக்கொண்டிருக்கும் அதே நாளில் நடு ஏரியில் அலை அடித்துக்கொண்டிருக்கலாம். நடு ஏரி ஜனவரி நடுவிலோ அதற்குப் பிறகோதான் மூடும். வெதுவெதுப்பான சில ஆண்டுகளில் ஒழுங்காக மூடாமலே குளிர்காலம் முடிந்துவிடுவதும் உண்டு. "ஏரி உறைந்துவிட்டதா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். எந்த விரிகுடா, எந்தக் கரையிலிருந்து எவ்வளவு தூரம், இன்று காலையில் யார் அளந்தார்கள் என்று கேளுங்கள்.

மேலே கட்டியாக இருக்கும் ஏரிக்குள் மீன் எப்படி உயிரோடு இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஒட்டுக்கடையில் அதற்காக ஒரு காலைப்பொழுது முழுவதும் வாதம் நடந்தது. நீர் 4 பாகை செல்சியஸில் மிக அடர்த்தியாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்த நீர் இலேசாகி மேலே தங்கும், அதுவே உறையும். எனவே மேலே கட்டி, அதன் அடியில் சுழியப் பாகையை ஒட்டிய நீர், ஆழத்தில் 4 பாகையை ஒட்டிய நீர் என்று அடுக்கு தலைகீழாக நிற்கிறது. மீன் கீழடுக்கில் வாழ்கிறது.

கட்டியின் நிறம்

என் தந்தையார் பசாரில் மீன்கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் ஐஸ் உடைப்பது என் வேலை. ஆலையிலிருந்து உமி போர்த்தி வரும் நீளக் கட்டியின் ஓரங்கள் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், நடுவில் மட்டும் ஒரு வெள்ளைத் தண்டு ஓடும். ஊசியை ஓரத்தில் குத்தினால் துள்ளித் திரும்பும். நடுவில் குத்தினால் பொலபொலவென்று உதிரும். காரணம் எளியது. நீர் உறையும்போது தன்னுள் கரைந்திருக்கும் காற்றை வெளியே தள்ளும். தகர அச்சில் நான்கு பக்கமிருந்தும் உள்நோக்கி உறைவதால், தள்ளப்பட்ட காற்று முழுவதும் நடுவில் சிக்கி வெள்ளைக் குமிழிகளாக நின்றுவிடுகிறது.

ஏரியில் உறைதல் மேலிருந்து கீழ்நோக்கி ஒரே திசையில் நடக்கிறது. காற்று அடியிலுள்ள நீருக்குள் போய்விடுகிறது, ஆகவே கட்டி தெளிவாக இருக்கிறது. அடியிலுள்ள இருண்ட நீர் அதனூடே தெரிவதால் அது பார்ப்பதற்குக் கறுப்பாகவோ கருநீலமாகவோ தோன்றும். முதன்முதலாகப் பார்த்தபோது திறந்த தண்ணீர் என்றே எண்ணிக் கால் வைக்க மறுத்தேன். உண்மையில் அதுதான் இருப்பவற்றுள் வலிமையானது.

வெள்ளைக் கட்டி வேறு வகையில் உண்டாவது. மேலே விழுந்த வெண்பனி நீரில் ஊறி, மறுபடியும் உறைந்தால் அது காற்றைச் சுமந்த வெள்ளைக் கட்டியாகிறது. எங்கள் ஐஸ் கட்டியின் நடுத்தண்டைப் போன்றதே அதுவும். தெளிந்த கட்டியின் வலிமையில் பாதியளவே அதற்கு உண்டென்று கணக்கிட வேண்டும். மூன்றாவது வகை சாம்பல் நிறமானது. சாம்பல் நிறம் கண்டால் அதற்குள் நீர் இருக்கிறது என்று பொருள். அதன் தடிமன் எவ்வளவாக இருந்தாலும் திரும்பி நடந்துவிடுங்கள்.

தடிமனை அளப்பது

கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் அளவுகளையே நான் கைக்கொள்கிறேன்: தனி ஆள் நடப்பதற்கு 15 சென்டிமீட்டர், பலர் சேர்ந்து நிற்பதற்கு 20, ஸ்னோமொபில் எனப்படும் பனிவண்டிக்கு 25. அமெரிக்காவின் மினசோட்டாவில் நடப்பதற்கு 4 அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர், போதும் என்கிறார்கள். இரண்டும் புதிதாக உறைந்த தெளிந்த கட்டிக்கு உரியவை. நமக்கு அந்த 10 வேண்டாம். பனியில் பிறந்து வளர்ந்தவருக்குக் கால் சொல்லும் சேதி நம் காலுக்குச் சொல்லாது. காரை ஏரியில் இறக்குகிறவர்களையும் அங்கே காண்பீர்கள். அவர்கள் வண்டியில் ஏறாதீர்கள்.

அளக்கும் முறை இது. துளைக்கருவியால் ஒரு குழி போடுங்கள். சாதாரண அளவுநாடாவின் நுனியில் வளைந்த கொக்கி இருக்குமல்லவா, அதைக் குழிக்குள் விட்டுக் கட்டியின் அடிவிளிம்பில் மாட்டி மேலே இழுத்துப் படியுங்கள். பிறகு குழியின் பக்கச் சுவரைப் பார்த்து வெள்ளை எவ்வளவு, தெளிவு எவ்வளவு என்று தனித்தனியே குறித்து, வெள்ளையைப் பாதியாக்கிக் கூட்டுங்கள். 12 சென்டிமீட்டர் தெளிந்த கட்டியும் அதன்மேல் 10 சென்டிமீட்டர் வெள்ளையும் இருந்தால், நாடா 22 காட்டும். உங்கள் கணக்கு 17தான்.

குழிக்குள் நீர் எங்கே வந்து நிற்கிறது என்பதை அந்தக் கணத்திலேயே கவனியுங்கள். எனக்கு மிகவும் பயன்பட்ட அடையாளம் இதுவே. பனிக்கட்டியின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு. ஆகவே 30 சென்டிமீட்டர் கட்டி சுமையின்றி மிதந்தால், குழியில் நீர் மேல்மட்டத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். மாறாக நீர் பொங்கி மேலே வழிந்தால், கட்டி தன்மேல் கிடக்கும் வெண்பனியின் பாரத்தாலோ, மீன்பிடிக் குடில்களும் வண்டிகளும் ஆட்களும் ஓரிடத்தில் குவிந்ததாலோ அமிழ்ந்திருக்கிறது. உடனே உடைந்துவிடும் என்பதில்லை. ஆனால் சுமை கூடிவிட்டது என்று அது சொல்கிறது. கூட்டத்தைவிட்டு விலகி உட்காருங்கள்.

இந்தப் பாடத்தை நான் கால் நனைத்துக் கற்றேன். இரண்டாம் ஆண்டு, முந்திய இரவில் கனத்த பனி பொழிந்திருந்தது. எங்களை அழைத்துச் சென்றவர் யாழ்ப்பாணத்துக்காரர், இருபது ஆண்டாக அங்கே மீன் பிடிக்கிறவர். அவருடைய தடத்திலேயே நடக்கும்படி சொல்லியிருந்தார். நான் ஒரு படம் எடுக்கலாமென்று தடத்தைவிட்டு நான்கு எட்டு விலகினேன். "ஐயா, அதிலை கால் வையாதேங்கோ!" என்று அவர் கத்துவதற்குள் வலது கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது. ஏரிக்குள் விழவில்லை, பனிப்பாரத்தால் விரிசல்களின் வழியே மேலே ஏறிய நீர் வெண்பனிக்கு அடியில் சேறுபோலக் கிடந்தது, அதற்குள் போயிற்று. மேலே பார்த்தால் பஞ்சு மெத்தை, அடியில் சேறு. வெண்பனி கம்பளிபோலப் போர்த்திக்கொண்டிருப்பதால் வெளியே உறைநிலைக்குக் கீழே 14 பாகை குளிர் இருந்தும் அந்தச் சேறு உறையவில்லை. காலணிக்குள் புகுந்த நீர் பத்து நிமிடத்தில் விரல்களை மரக்கட்டையாக்கியது, அன்றைய மீன்பிடிப்பு அத்தோடு முடிந்தது.

அந்தக் கம்பளி இன்னொரு தீங்கும் செய்யும். கட்டி எவ்வளவு தடித்திருக்கிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் மேலும் தடிக்கும், ஏனெனில் அடியிலுள்ள நீரின் வெப்பம் அந்தத் தடிமன் முழுவதையும் கடந்து வெளியேற வேண்டும். அதன்மேல் வெண்பனியும் மூடிவிட்டால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். "ஒரு வாரமாகக் கடுங்குளிர், நன்றாகத் தடித்திருக்கும்" என்று ஊகிக்காதீர்கள். அந்த வாரத்தின் தொடக்கத்திலேயே பனி பொழிந்திருந்தால் கட்டி அன்றிருந்த அளவிலேயே இருக்கக்கூடும்.

நடக்கும் விதம்

கரையில் அளந்த எண் நூறு அடி தள்ளிச் செல்லாது. பால்மரக் காட்டில் ஒரு மரத்தில் வழிந்த பாலைப் பார்த்துப் பக்கத்து மரத்துக்குக் கணக்குப் போடுவதில்லையே, அதைப் போலத்தான். கையில் கடப்பாறை இருக்க வேண்டும். அங்கே அதற்காகவே உளிமுனை வைத்த நீளக் கம்பி விற்கிறார்கள். எட்டு வைக்குமுன் அந்த இடத்தில் ஓங்கி ஒரு குத்து. கணீரென்று கேட்டுக் கம்பி திரும்பித் துள்ளினால் அடுத்த எட்டு வைக்கலாம். பொத்தென்று கேட்டாலோ, நீர் கசிந்தாலோ, முனை ஒரே குத்தில் உள்ளே போனாலோ, திரும்பி வந்த தடத்திலேயே, காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து வாருங்கள். ஐம்பது எட்டுக்கு ஒருமுறை துளைத்து அளந்துகொள்ளுங்கள். முதல் நாள் இது சலிப்பூட்டும், எனக்கும் ஊட்டியது.

ஓடும் நீருக்கு மேல் கட்டி எப்போதும் மெலிந்தது. ஹாலண்ட் ஆறு குக்ஸ் விரிகுடாவில் வந்து விழும் வாயும், ஒரில்லியாவை அடுத்த ஆதர்லி நீரிடுக்கின் வழியே ஏரி நீர் வெளியேறும் வடமுனையும் அத்தகையவை. படகுத்துறைகளில் மரத்தூண்கள் நசுங்காமலிருக்க அடியிலிருந்து காற்றுக்குமிழி விட்டு நீரை உறையவிடாமல் வைத்திருப்பார்கள். பகலில் தெரியும், மாலை இருட்டில் தெரியாது. கோரையும் கரும்பாறையும் வெயிலை வாங்கிச் சுற்றியுள்ள கட்டியை இளக்கும்.

பெரிய ஏரியில் கட்டி ஒரே பலகையாக அசையாமல் கிடப்பதில்லை. இரவுக் குளிரில் சுருங்கி வெடிக்கும். பகலில் விரிந்து, இடம் போதாமல், இரண்டு பலகைகள் முட்டி ஆளுயரத்துக்குக்கூட நிமிர்ந்து நிற்கும். அந்த மேடுகளின் இருபுறமும் நீர் திறந்திருக்கலாம். காலையில் கடந்து போன மேடு மாலையில் அதே நிலையில் இருக்கும் என்று நம்பக் கூடாது.

சத்தங்களும் கேட்கும். வெயிலில் காய்ந்த ரப்பர்க் காய் வெடிக்கும் சடார் ஒலியை நாம் கேட்டு வளர்ந்தவர்கள். சிறு விரிசல் அப்படித்தான் ஒலிக்கும். சில வேளை ஏரியின் ஒரு கரையில் தொடங்கி மறுகரைவரை இடியைப் போல உருண்டோடும். குளிர் கூடும் மாலையில் இவ்வொலிகள் மிகுதியாக எழுவது இயல்பு, கட்டி சுருங்குவதன் அறிகுறி அது. ஆனால் உங்கள் காலடியிலேயே, நீங்கள் எட்டு வைக்கும்போதெல்லாம் கறகறவென்று கேட்டால் அதை இயல்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

காற்றும் வானமும்

தடிமன் சரியாக இருந்தாலும் காற்றின் திசையைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. 2009 பிப்ரவரி 7ஆம் நாள், அமெரிக்காவின் ஒஹாயோ கரையோரம் ஈரி ஏரியில், வலுத்த தெற்குக் காற்று பனிப்பரப்பைக் கரையிலிருந்து பிளந்து வடக்கே தள்ளிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட மீன்பிடிப்பவர்கள் மிதக்கும் பலகையில் சிக்கினர்; ஒருவர் உயிரிழந்தார், மற்றவர்களை மீட்புப் படையினர் கொண்டுவந்து சேர்த்தனர். சிம்கோவிலும் நடு ஏரி மூடாத நாட்களில், கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசும் காற்று வலுத்தால் நான் போவதில்லை.

குளிரின் அளவைச் செய்தியில் கேட்கும்போது காற்றையும் சேர்த்துக் கேளுங்கள். உறைநிலைக்குக் கீழே 15 பாகையும் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றும் சேர்ந்தால், திறந்த தோலுக்கு அது 26 பாகை உறைகுளிர்போல் இருக்கும். ஏரியின் நடுவில் காற்றைத் தடுக்க ஒரு செடிகூடக் கிடையாது. அருகிலுள்ள ஜார்ஜியன் விரிகுடாவின் மேலாக வரும் காற்று திடீரென்று பனிப்பொழிவைக் கொண்டுவந்து கொட்டும். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத அந்த வெண்மையில் கரை எந்தப் பக்கம் என்பதே மறந்துவிடும். இறங்கும்போதே கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு திசைகாட்டியையும் சட்டைப்பையில் வையுங்கள். கைப்பேசி உள்சட்டையில் உடம்போடு ஒட்டி இருக்கட்டும், குளிரில் மின்கலம் கண்முன்னே வடிந்துவிடும். ஜனவரியில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. நம்மூரில் அது பிள்ளைகள் பந்து விளையாடப் போகும் நேரம் என்பதால் நமக்கு இது எளிதில் உறைப்பதில்லை.

விழுந்துவிட்டால்

மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் மனித உடலைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும். அதை அடக்குவதே அப்போதைய வேலை, தலை நீருக்கு மேலே இருந்தால் போதும். அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். ஏறுவதானால் அதற்குள் ஏற வேண்டும். குளிரால் நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். எனவே விழுந்தவுடன் செத்தோம் என்று பதறி அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்கக் கூடாது.

வந்த திசைக்கே திரும்புங்கள், உங்களைத் தாங்கிய கட்டி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கழுத்தில் கயிற்றால் தொங்கவிட்டிருக்கும் இரண்டு கூர்முனைப் பிடிகளைக் கட்டியில் குத்திக்கொண்டு, கால்களை நீச்சலடிப்பதுபோல் பின்னால் உதைத்து, உடம்பை நீரோடு கிடைமட்டமாக்கி, வயிற்றால் ஊர்ந்து ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள். அந்தப் பிடிகளைக் கடையில் சில டாலருக்கு விற்கிறார்கள். மரக்கைப்பிடியில் ஆணி அடித்து நாமே செய்துகொள்ளவும் முடியும். அவை பைக்குள் கிடந்தால் பயனில்லை. மிதவை உடுப்பை எப்போதும் அணியுங்கள். துணைக்கு வந்தவர் விழுந்தால் அருகே ஓடாமல், படுத்துக்கொண்டு கயிற்றை வீசுங்கள். அவசர அழைப்பு எண் 911.

உடையும் குடிலும்

உடையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, உங்கள் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். உடம்போடு ஒட்டும் உள்ளாடை பருத்தியாக இருக்கக் கூடாது என்பதை மட்டும் வற்புறுத்துங்கள். வியர்வையை வாங்கிக்கொண்டு ஈரமாகவே இருக்கும். காலணி அரை அளவு பெரிதாக இருக்கட்டும், இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும். மருமகள் கட்டிக் கொடுத்த இட்லி அரை மணி நேரத்தில் கல்லாகிவிட்டதையும் சொல்லி வைக்கிறேன். வெந்நீர்க் குடுவையில் தேநீரும் கஞ்சியும் கொண்டுபோவதே நலம்.

முதல் முறை போகிறவர்கள் கூலிக்குக் கிடைக்கும் சூடேற்றிய குடிலையே எடுத்துக்கொள்ளுங்கள். குடில்காரர்கள் காலையில் வண்டியில் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்து வருவார்கள், குழியும் போட்டுத் தருவார்கள். ஏறுவதற்கு முன் இன்று காலை எங்கே, எவ்வளவு தடிமன் அளந்தீர்கள் என்று கேளுங்கள். ஒருமுறை ஒரு குடில்காரர் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்பதற்குமேல் ஒரு சொல்லும் சொல்ல மறுத்தார். முன்பணம் போனால் போகட்டும் என்று வந்துவிட்டேன். குடிலுக்குள் எரிவாயு அடுப்பு எரியும்போது காற்றுத்துளையை அடைக்காதீர்கள். நம்மவர்கள் குளிருக்குப் பயந்து முதலில் செய்வது அதைத்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. தலை வலித்தாலோ கிறுகிறுத்தாலோ உடனே கதவைத் திறந்து வெளியே வாருங்கள்.

உரிமம் பற்றியும் ஒரு சொல். 65 வயதானவர்கள் ஒன்டாரியோவில் உரிமம் வாங்க வேண்டியதில்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு உரியது. மலேசியாவிலிருந்து போகும் நாம் எத்தனை வயதானாலும் வெளிநாட்டவருக்கான உரிமம் எடுக்க வேண்டும், ஒருநாள் உரிமமும் கிடைக்கிறது. எந்த மீனை எந்த நாட்களில் எத்தனை பிடிக்கலாம் என்பதை அவ்வாண்டின் விதிநூலில் பாருங்கள். தூண்டிலைப் போட்டுவிட்டு 60 மீட்டருக்கு மேல் விலகிப் போவதும் அங்கே குற்றம்.

மீன்

நடுக்குளிர்காலத்தில் மீன் சோம்பலாக இருக்கும். குளிர்ந்த இரத்தம், குறைந்த பசி. நம்மூர் விரால் வகையான தோமானைப் போல் பாய்ந்து கவ்வும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெர்ச் என்னும் மஞ்சள் வரி மீன் குளிர்காலத் தொடக்கத்தில் ஆழம் குறைந்த பாசிப் படுகைகளில் மேயும்; பாசி அழுகி அங்கே உயிர்வளி குறையக் குறைய ஆழத்துக்கு நகரும். அது கூட்டமாகத் திரிவது. கடிக்கும்போது ஒரு மணி நேரம் விடாமல் கடிக்கும், பிறகு ஏரியே காலியானதுபோல் இருக்கும். பதினைந்து நிமிடம் அசைவில்லை என்றால் உட்கார்ந்து தவம் செய்யாமல் வேறு குழிக்குப் போங்கள். ஒயிட்ஃபிஷ், லேக் ட்ரௌட் ஆகிய இரண்டும் 20 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடைக்கும். ஒயிட்ஃபிஷ் தரையை ஒட்டி மேயும், லேக் ட்ரௌட் இடைநீரிலும் திரியும்.

கோல் முழங்கையளவு நீளமானது, குழிக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டும் அல்லவா. பெர்ச்சுக்கு இரண்டு கிலோ இழுவை தாங்கும் மெல்லிய நரம்பும் சுண்டுவிரல் நகத்தளவு ஈயத் தூண்டிலும் போதும். தூண்டிலைத் தரைவரை இறக்கி, ஒரு சாண் தூக்கி, மணிக்கட்டை மட்டும் இலேசாக இருமுறை அசைத்து, பிறகு அப்படியே நிறுத்திவிடுங்கள். மீன் வருவது அந்த அசைவுக்கு, கவ்வுவது நிறுத்திய பிறகு. நான் முதல் ஆண்டு முழுவதும் ஆட்டிக்கொண்டே இருந்து ஏமாந்தேன். கடி இழுப்பாகத் தெரியாது; நரம்பு சிறிது தொய்ந்தாலும், கோல் நுனி சற்றுக் கனத்தாலும் அது கடிதான். குழியில் மிதக்கும் ஐஸ் சில்லுகளை அள்ளுவதற்கு ஓட்டைக் கரண்டி விற்கிறார்கள். பலகாரம் எடுக்கும் ஜல்லிக்கரண்டியை மருமகளிடம் கேட்டுக் கொண்டுபோனால் அந்தச் செலவும் மிச்சம். திருப்பிக் கொடுக்கும்போது என்ன கேட்பாள் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

பத்து மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து இழுத்த பெர்ச்சைத் திரும்ப விடுவதில் பொருளில்லை. அதன் காற்றுப்பைக்கு வாயோடு தொடர்பு கிடையாது, எனவே அழுத்தம் குறையும்போது உப்பி வயிறு பிதுங்கிவிடும். வேண்டிய அளவு கிடைத்ததும் அந்த ஆழத்தில் பிடிப்பதை நிறுத்திவிடுங்கள். லேக் ட்ரௌட் காற்றை வாய்வழியே விட வல்லது, மெதுவாக இழுத்தால் குழியில் குமிழிகள் எழுவதைக் காணலாம். அதை விடுவதானால் பனிமேல் கிடத்தாமல் நீரிலேயே கொக்கியைக் கழற்றுங்கள், கண்ணும் செவுளும் நொடிகளில் உறைந்துவிடும்.

மார்ச்சில் வெயில் ஏறிய பிறகு அளவுநாடா 40 சென்டிமீட்டர் காட்டினாலும் இறங்காதீர்கள். கட்டி அப்போது செங்குத்தான மெழுகுவத்திகளை அடுக்கியதுபோல் உள்ளுக்குள் பிரிந்திருக்கும், ஒரு உதையில் கலகலத்துப் போகும்.

கிளம்பும்போது உங்கள் குழிகளின் அருகே ஒரு பைன் கிளையையாவது நட்டுவிட்டு வாருங்கள். இரவில் குழியின்மேல் விரல் தடிமனுக்கு மெல்லிய ஆடை படியும், அதன்மேல் பனி தூவி மறைத்துவிடும். மறுநாள் காலை பள்ளிப் பிள்ளைகள் அந்த வழியாகச் சறுக்கிக்கொண்டு வருவார்கள்.